சரவாங்கி அடங்கிய பின்: மருந்தைத் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா?

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தைக்குச் சரவாங்கி (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு அழற்சி நோய்) வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒருமுறை மீத்தோட்ரெக்சேட் 20 மில்லிகிராம், அன்றாடம் சல்ஃபசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும், காலையில் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு என்று நான்கு மருந்துகளோடு ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மருத்துவர் அவருடைய விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, ஓராண்டாக நோய் நன்றாக அடங்கியிருக்கிறது என்றார். அத்தை உடனே கேட்டது ஒன்றுதான்: “அப்ப மாத்திரைய வுட்டுட்லாமா டாக்டர்?” மருத்துவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருப்பதை அப்படியே தொடரலாம், படிப்படியாகக் குறைக்கலாம், முழுவதும் நிறுத்தியும் பார்க்கலாம், மூன்று மாதம் கழித்து அடுத்த முறை வரும்போது யோசித்து முடிவோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த மூன்று மாதங்களில் நான் படித்ததும் கேட்டதும் இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. நான் மருத்துவன் அல்லன். சீட்டில் எழுதியிருப்பதை எவரும் இதைப் படித்துவிட்டு மாற்றிக்கொள்ளக் கூடாது.

முதலில் ‘அடங்கிவிட்டது’ என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த ஒப்பீடு முழுவதும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. வலி இல்லை என்பது அடங்கியதற்குச் சான்று ஆகாது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வலியை மறைக்கும். அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்புகள் 2022-இல் திருத்திய அளவுகோலின்படி, அழுத்தினால் வலிக்கும் மூட்டு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, வீங்கிய மூட்டும் ஒன்றுக்கு மேல் கூடாது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்னும் புரதம் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நோயின் தீவிரத்துக்கு நோயாளி தாமே 10-க்குக் கொடுக்கும் மதிப்பெண் 2-க்கு மேல் போகக் கூடாது. இந்த நிலை ஒரு நாள் இருந்தால் போதாது. மருந்தைக் குறைப்பது பற்றிப் பேசவே குறைந்தது ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

அத்தையிடம் இதைவிட நுட்பமான அளவுகோல் ஒன்று இருந்தது. குடியாத்தத்துப் பல வீடுகளைப் போல அவர் வீட்டிலும் பீடி சுற்றுவதுதான் பெண்களின் வருமானம். மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும். இலையில் தூளைப் பரப்பி, இரண்டு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடித்துக் குத்த வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. நோய் வருமுன் பொழுது சாய்வதற்குள் ஆயிரத்தை முடித்துவிடுகிறவர், நோய் முற்றிய ஆண்டில் இருநூறைத் தாண்டவில்லை. மருந்து பிடித்த பிறகு எண்ணூறுக்குத் திரும்பினார். எந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையும் வருமுன், நுனியை மடிக்கும்போது ஆள்காட்டி விரலின் நடுக்கணு சொல்லிவிடும் என்பார். இந்த எண்ணிக்கை பின்னால் பயன்பட்டது.

இனி முதல் வழி: எதையும் மாற்றாமல் தொடர்வது. ஆய்வுகளின் கையில் தராசைக் கொடுத்தால் தட்டு இந்தப் பக்கம்தான் தாழும். ஜெர்மனியில் நடந்து 2021-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஓராண்டு கழித்து, முழு அளவில் தொடர்ந்தவர்களில் 100-க்கு 81 பேர் அதே நிலையில் இருந்தார்கள். குறைத்தவர்களில் 59 பேர். குறைத்து நிறுத்தியவர்களில் 43 பேர். நார்வேயில் மீத்தோட்ரெக்சேட் போன்ற வழக்கமான மருந்துகளை மட்டும் எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் நோய் மீண்டும் கிளர்ந்தது தொடர்ந்தவர்களில் 100-க்கு 6 பேருக்கு, அளவைப் பாதியாக்கியவர்களில் 25 பேருக்கு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமடாலஜியின் 2021 வழிகாட்டி, குறைப்பதைவிடத் தொடர்வது மேல், திடீரென நிறுத்துவதைவிடப் படிப்படியாக நிறுத்துவது மேல் என்று வரிசைப்படுத்தியது இத்தகைய கணக்குகளை வைத்துத்தான்.

ஆனால் தொடர்வதற்கும் விலை உண்டு, அதை மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள். மீத்தோட்ரெக்சேட் எடுப்பவர் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்; அத்தையின் கணக்கில் அது ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம், பரிசோதனைச் செலவு மூன்றும் சேர்ந்தது. அந்த மஞ்சள் மாத்திரை போட்ட இரவும் மறுநாளும் குமட்டல் வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை தாள் நாட்காட்டியில் தேதியைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு மாத்திரை போடுவது அவர் வழக்கம். வட்டமிடும்போதே வயிறு புரட்டுகிறது என்று சொல்லும் அளவுக்கு உடல் அதைப் பழகிவிட்டது. (அந்த வட்டம் வீண் சடங்கு அல்ல. வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் போட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.) கல்லீரல் கெட்டுவிடும் என்ற அச்சமோ எங்கள் பக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. ஒழுங்காகப் பரிசோதித்து, ஃபோலிக் அமிலம் சேர்த்து, மதுவைத் தவிர்ப்பவர்களிடம் அந்த ஆபத்து பெரும்பாலும் முன்கூட்டியே பிடிபடக்கூடியது. அதே நேரம், அடங்காத சரவாங்கி மூட்டோடு நின்றுவிடாமல் இதயத்தையும் நுரையீரலையும் தொடும் என்பதைச் சொல்வார் குறைவு.

இரண்டாம் வழியான குறைத்தலில்தான் உண்மையில் யோசிக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் இது ஒரு வழியல்ல, எந்த மருந்து முதலில் என்பதைப் பொறுத்துப் பல வழிகள். முதலில் போக வேண்டியது ஸ்டீராய்டு என்பதில் கருத்து வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும் கண்புரை வருவதும் நீண்டநாள் ஸ்டீராய்டின் பங்கு. ஆனாலும் அது எளிதில் போவதில்லை. தொசிலிசுமாப் என்னும் பயாலஜிக் ஊசி (இந்த வகை பற்றி அடுத்துச் சொல்கிறேன்) போட்டு நோய் கட்டுப்பட்டவர்களிடம் 2020-இல் வெளியான ஆய்வில், நாள் 5 மில்லிகிராம் பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டை நான்கு வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குறைத்து நிறுத்தியபோது, 100-க்கு 65 பேர் கிளர்ச்சி இல்லாமல் நோயைக் கட்டுக்குள் வைத்தார்கள்; அப்படியே தொடர்ந்தவர்களில் 77 பேர். அதாவது மூன்றில் இரண்டு பேருக்கு அந்தச் சிறு மாத்திரை தேவையே இல்லை. மொத்தக் கணக்கில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்ட எண் இதுதான்.

அடுத்துப் பயாலஜிக் ஊசிகள், அதாவது அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களைத் தடுக்கும் மருந்துகள். எடனர்செப்ட், அடாலிமுமாப் போன்றவற்றை எடுப்பவர்களுக்குச் செலவே முதல் கேள்வி. 2014-இல் அடாலிமுமாபின் ஒப்பு மருந்து இந்தியாவிலேயே தயாராகி வந்த பிறகு விலை இறங்கியது என்றாலும், ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு அது இன்றும் எட்டாக்கனிதான். எனவே ஊசியைக் குறைத்து மீத்தோட்ரெக்சேட்டை வைத்துக்கொள்வதையே நம் ஊரில் எல்லாரும் இயல்பாக நினைக்கிறோம். இங்கேதான் பணப்பையும் ஆய்வும் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டையும் எடுத்து நோய் அடங்கியவர்களிடம் ஒன்றை விலக்கிப் பார்த்த ஆய்வில், எடனர்செப்ட்டை மட்டும் வைத்துக்கொண்டவர்களில் 48 வாரத்துக்குப் பிறகு ஏறத்தாழ பாதிப் பேர் அடங்கிய நிலையிலேயே இருந்தார்கள். மீத்தோட்ரெக்சேட்டை மட்டும் வைத்துக்கொண்டவர்களில் 100-க்கு 29 பேர்தான். அமெரிக்க வழிகாட்டியும் இரண்டில் மீத்தோட்ரெக்சேட்டை முதலில் விடச் சொல்கிறது. நமக்கு அது பொருந்துமா என்றால், பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். நோய் அடங்கியிருப்பது அடுத்த மாதம் ஊசி வாங்க முடியுமா என்பதைப் பொறுத்திருக்குமானால், அந்த அடக்கத்தை உறுதியானது என்று எண்ண முடியாது.

இதற்கு நடுவழி உண்டு. ஊசியை விடாமல் அளவைக் குறைக்கலாம், அல்லது இரண்டு ஊசிகளுக்கு இடையே நாட்களைக் கூட்டலாம். எடனர்செப்ட் பற்றி 2013-இல் வந்த ஆய்வில், முழு அளவில் தொடர்ந்தவர்களில் 100-க்கு 83 பேரும் பாதி அளவில் இருந்தவர்களில் 79 பேரும் நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். முற்றிலும் நிறுத்தி மீத்தோட்ரெக்சேட்டோடு மட்டும் இருந்தவர்களில் 43 பேர். பாதிக்கும் முழுமைக்கும் இடையே இடைவெளி சிறிது. பாதிக்கும் சுழிக்கும் இடையே பள்ளம் பெரிது. நெதர்லாந்தில் 2015-இல் வெளியான ஆய்வில், நோய் தலைகாட்டினால் உடனே பழைய இடைவெளிக்குத் திரும்புவது என்ற நிபந்தனையோடு நாட்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஐந்தில் ஒருவர் ஊசியை முழுவதும் விட்டார், ஐந்தில் இருவருக்கு மேல் குறைந்த அளவில் நின்றார்கள், மற்றவர்களால் குறைக்கவே முடியவில்லை. நீண்டு நின்ற பெரிய கிளர்ச்சி இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குறுகிய கிளர்ச்சிகள் குறைத்தவர்களில் 100-க்கு 73 பேருக்கு வந்தன, குறைக்காதவர்களில் 27 பேருக்கு. ஆக, குறைத்தல் என்றால் இடையிடையே சில வாரங்கள் மூட்டு வீங்கத் தயாராக இருக்க வேண்டும். அந்த வாரங்களில் நம்மை உடனே பார்க்க மருத்துவரும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைக்குத் திரும்ப வருகிறேன்.

மூன்றாம் வழி முழுவதும் நிறுத்துவது. இது புதிய ஆசை அல்ல. 1996-இலேயே நெதர்லாந்தில் 285 பேரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு உண்மை மருந்து, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. ஓராண்டில் கிளர்ச்சி வந்தது மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 22 பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38 பேருக்கு. இதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். நிறுத்தினால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்பது ஒன்று. நிறுத்தியும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டைக் கடந்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. ஓராண்டோடு கதை முடிவதில்லை. மேலே சொன்ன நார்வே ஆய்வை மூன்றாண்டு தொடர்ந்தபோது, முழு அளவில் நின்றவர்களில் 100-க்கு 80 பேரும், பாதி அளவிலேயே நின்றவர்களில் 57 பேரும், பாதியாக்கிப் பின்னர் நிறுத்தியவர்களில் 38 பேரும் மட்டுமே கிளர்ச்சி இல்லாமல் இருந்தார்கள். கிளர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய மருந்துக்குத் திரும்பியதும் மீண்டும் அடங்கினார்கள் என்பது ஆறுதல். எல்லாரும் அல்லர், உடனடியாகவும் அல்ல. மீத்தோட்ரெக்சேட் மறுபடி வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் அரிக்கப்பட்ட எலும்பு திரும்ப வளர்வதில்லை.

யாருக்கு இந்த வழி ஓரளவு பொருந்தும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஆன்டி சிசிபி என்னும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இல்லாதவர்கள், நோய் தொடங்கிய சில மாதங்களிலேயே மருந்தைத் தொடங்கியவர்கள், நீண்டகாலம் ஆழமாக அடங்கியிருப்பவர்கள், மூட்டை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் உள்ளே அழற்சி மிச்சமில்லாதவர்கள். என் அத்தைக்கு ஆன்டி சிசிபி அதிக அளவில் இருந்தது. நோய் தொடங்கி முதல் இரண்டு ஆண்டுகள் வீட்டுக்கு அருகில் வலி ஊசி போட்டுக்கொண்டே கழித்தவர். அவரைப் பொறுத்தவரை மூன்றாம் வழி அங்கேயே அடைபட்டுவிட்டது.

எந்த வழிகாட்டியிலும் இல்லாத, ஆனால் வட ஆற்காட்டில் நான் அதிகம் கண்ட நான்காம் வழி ஒன்று இருக்கிறது: மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்திவிடுவது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் ஒருவர், குமட்டல் தாங்காமல் மீத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டு, மருத்துவர் கேட்டால் திட்டுவார் என்று ஒழுங்காகப் போடுவதாகவே சொல்லிவந்தார். மூட்டு வீங்கியது. மருந்து போதவில்லை என்று கருதிய மருத்துவர் அளவைக் கூட்டி இன்னொன்றையும் சேர்த்தார். போடாத மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு கட்டப்பட்டதில் மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குமட்டல் என்று சொல்லியிருந்தால் மாத்திரையை இரண்டு வேளையாகப் பிரிக்கலாம், ஃபோலிக் அமிலத்தைக் கூட்டலாம், தோலடி ஊசியாக மாற்றலாம். மூன்றுமே வழக்கத்தில் உள்ளவை. ஆகவே மூன்று வழிகளையும் ஒப்பிடும் முன், இப்போது சீட்டில் இருப்பதை உண்மையில் போடுகிறோமா என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இதைவிட மோசமானது, நிறுத்திய இடத்தில் பெயரில்லாப் பொட்டலத்தை வைப்பது. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவதை நான் சொல்லவில்லை. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் கைமாறும், மூலிகை என்று சொல்லப்படும் பொடிகளைச் சொல்கிறேன். பத்தே நாளில் வலி பறந்து, பசி கூடி, இரண்டு மாதத்தில் முகம் உருண்டு, சர்க்கரையும் ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர் அதைச் சட்டென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரலாம். பொட்டலத்தில் என்ன இருந்தது என்றே தெரியாதபோது அதை எப்படிக் குறைப்பது?

கட்டாயத்தால் நிறுத்த வேண்டிய தருணங்கள் இந்த ஒப்பீட்டுக்குள் வருவன அல்ல என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் மீத்தோட்ரெக்சேட்டை ஒன்று முதல் மூன்று மாதங்கள் முன்பே விட வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபசலசினும் தொடரலாம். கடும் தொற்று, மஞ்சள் காமாலை, காசநோய், சிறுநீரகம் பழுதடைவது ஆகியவற்றில் சில மருந்துகள் நிறுத்தி வைக்கப்படும். இவை இடைநிறுத்தம், மேலே பேசிய மூன்றும் தெரிவு.

இப்போது தள்ளிவைத்த நிபந்தனைக்கு வருகிறேன். மூன்று வழிகளுக்கும் இடையே தீர்மானிப்பது, என் கணிப்பில், கிளர்ச்சி வந்தால் எத்தனை நாளில் மருத்துவரின் முன் உட்கார முடியும் என்பதுதான். குடியாத்தத்திலிருந்து வேலூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலைப் பேருந்தில் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பலாம். அத்தை குறைக்கத் துணிந்ததற்கு அந்தப் பேருந்தும் ஒரு காரணம். வேலூர் காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பலகை வைத்த விடுதிகளில் தங்கியிருப்பவர்களின் நிலைமை வேறு. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் காட்பாடிக்கு வந்து, ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனையில் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டுதான் திரும்ப வரப்போகிறவருக்கு, ஊரில் மூட்டைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் இல்லாவிட்டால், முழு அளவில் தொடர்வதே பொருத்தம் என்பேன். ஆய்வுகளில் குறைத்தவர்கள் எல்லாரும் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து பார்க்கப்பட்டவர்கள். அந்தக் கண்காணிப்பை எடுத்துவிட்டு அவர்களுடைய எண்களை மட்டும் கடன் வாங்க முடியாது.

அத்தை இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தார். முதலில் பிரெட்னிசோலோன், மாதம் ஒரு மில்லிகிராம் வீதம் ஐந்து மாதத்தில் போனது. கடைசி ஒரு மில்லிகிராமை விடும்போது இரண்டு வாரம் உடம்பு அசதியாக இருந்ததைத் தவிர வேறொன்றுமில்லை. அடுத்த ஆறு மாதத்தில் சல்ஃபசலசின் போனது. பிறகு மீத்தோட்ரெக்சேட் 20-லிருந்து 15-க்கு வந்தது. பீடிக் கணக்கு எண்ணூறில் அசையாமல் நின்றது. 15-லிருந்து 10-க்கு இறங்கிய எட்டாம் வாரம், மார்கழிக் குளிரில், எண்ணிக்கை அறுநூறுக்கும் பின்னர் நானூறுக்கும் இறங்கியது. தெருவில் அப்போது சிக்குன்குனியா காய்ச்சல் இருந்ததால் வீட்டில் எல்லாரும் அதுதான் என்றோம். காய்ச்சலே வரவில்லையே, காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறதே என்று அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வாராவாரம் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவைத்திருந்த எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு, குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே வேலூருக்குப் போனார். மூன்று கணுக்கள் வீங்கியிருந்தன, சிஆர்பி ஏறியிருந்தது. அன்றே 15-க்குத் திரும்பினார்கள். பழையபடி எண்ணூறு சுற்றப் பத்து வாரம் ஆயிற்று.

அதற்குப் பின் 15-லேயே நிற்கிறார். நான்கு மருந்து இரண்டாகிவிட்டது, ஸ்டீராய்டு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வட்டம் மட்டும் தொடர்கிறது. அடுத்த முறை போகும்போது ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காக ஆண்டுதோறும் செய்யும் விழித்திரைப் பரிசோதனையும் இருக்கிறது. 12.5-க்கு இறங்கிப் பார்க்கலாமா என்று மருத்துவர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். மார்கழி கழியட்டும் என்றார்.